வாசலில் குப்பை: குடியிருப்பவரைக் காலி செய்தால் தீருமா?

கேள்வி:

ஐயா, திருப்பூருக்குப் பக்கத்தில் ஒரு நகராட்சியில் எங்களுக்கு எட்டு லைன் வீடுகள் இருக்கின்றன. என் கணவர் காலத்தில் கட்டியது. நான் அடுத்த தெருவில் இருக்கிறேன். ஐந்து வீட்டில் நம்ம ஊர்க் குடும்பங்கள், மூன்று வீட்டில் பனியன் கம்பெனிக்குப் போகும் வடமாநிலப் பையன்கள். போன வருடம் தெருமுனையில் இருந்த குப்பைத் தொட்டியை நகராட்சி எடுத்துவிட்டது. இனி வீடு தேடி வண்டி வரும் என்றார்கள். வண்டியும் வருகிறது. ஆனாலும் எங்கள் சுவருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவில் தினமும் கேரி பேக்கில் கட்டிக் கட்டிப் போட்டுவிடுகிறார்கள். நாய் இழுத்துப் போட்டு வாசலே நாறுகிறது. எதிர்வீட்டுக்காரர்கள் என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார்கள். ‘குப்பை கொட்டினால் ரூ.500 அபராதம்’ என்று போர்டு வைத்தேன். போர்டுக்குக் கீழேயே கொட்டுகிறார்கள். போன வாரம் சுகாதார ஆய்வாளர் வந்து, வீட்டு உரிமையாளர் பெயரில்தான் அபராதம் போடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். கொட்டுவது யாரோ, கட்டுவது நானா? பையன்களைக் காலி செய்யச் சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறேன். இரண்டு நாள் தண்ணீரை நிறுத்தினால் எல்லாரும் வழிக்கு வருவார்கள் என்கிறான் என் தம்பி. என்ன செய்யட்டும்?

— ஒரு வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்:

அம்மா, உங்கள் தம்பியின் யோசனையை முதலில் ஒதுக்கி வையுங்கள். குடியிருப்பவருக்குத் தண்ணீரையோ மின்சாரத்தையோ உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. 2019 பிப்ரவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். எட்டு வீட்டுக்கு இரண்டு நாள் தண்ணீர் நின்றால் குப்பை குறையாது, கழிப்பறையும் சேர்ந்து நாறும்.

பையன்களைக் காலி செய்வதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, அந்த மூலையில் கிடக்கும் பைகளில் நாலைந்தைப் பிரித்துப் பாருங்கள். அருவருப்பான வேலைதான். ஆனால் குப்பையைப் போல உண்மை பேசும் சாட்சி கிடையாது. புளிச்சக்கை, கறிவேப்பிலைக் காம்பு, இட்லி மாவு பாக்கெட், குழந்தையின் டயாப்பர் இருந்தால் அது குடும்பம் நடக்கும் வீட்டிலிருந்து வந்தது. மெஸ் பார்சல் கவரும் பரோட்டா மடித்த இலையும் மட்டுமே இருந்தால் சமைக்காத வீட்டுக் குப்பை. கட்டுக் கட்டாகத் துணி வெட்டுத் துண்டும் நூலும் இருந்தால் வீட்டுக் குப்பையே இல்லை. பக்கத்தில் எங்கோ வீட்டோடு தையல் மிஷின் போட்டிருப்பவர் கொண்டுவந்து போடுவது. பல ஊர்களில் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், இப்படிப்பட்ட மூலைகளில் மூன்றும் கலந்துதான் இருக்கும். பைக்கில் போகிறபோதே விசிறிவிட்டுப் போகும் அடுத்த தெருக்காரர் பையும் கிடக்கும். யார்மேல் சந்தேகமோ அவர்களை மட்டும் வெளியேற்றினால் மூலை அப்படியேதான் இருக்கும். மூன்று மாத வாடகை போனதுதான் மிச்சம்.

குணத்தைக் குறை சொல்வதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள்

உங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி எத்தனை மணிக்கு வருகிறது? கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலான ஊர்களில் பெரிய தெருக்களை முடித்துவிட்டு லைன் வீட்டுப் பக்கம் வர ஒன்பது, பத்து ஆகிவிடும். பனியன் கம்பெனியில் எட்டரைக்கு ஷிஃப்ட். எட்டு மணிக்கே கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். ஒன்றரை ஷிஃப்ட் பார்த்துவிட்டுத் திரும்பும்போது இரவு ஒன்பது. வண்டியின் பாட்டைச் சில வீட்டுக்காரர்கள் ஒருநாளும் கேட்டே இருக்க மாட்டார்கள்.

ஆக, ராத்திரி சமைத்து முடித்தபோது சேர்ந்த குப்பை மறுநாள் காலை பத்து மணி வரை எங்கே இருக்கும்? பத்துக்குப் பத்து அறைக்குள் அடுப்பு, பாய், துணிக்கொடி, நாலு பேர். மீன் கழுவிய தண்ணீர் சொட்டும் பையை அங்கே வைத்துக்கொண்டு யாரும் தூங்க மாட்டார்கள். வெளியே வைத்தால் நாய். முன்பு தெருமுனையில் தொட்டி இருந்தது. தொட்டி போனாலும் அங்கே போடும் கைப்பழக்கம் போகவில்லை. தொட்டியை எடுத்தவர்கள் வண்டி நேரத்தை மட்டும் யோசித்தார்கள், வேலைக்குப் போகிறவர்களின் நேரத்தை யோசிக்கவில்லை.

உங்கள் பிரச்சினையின் வேர் இதுதான். இரவு ஒன்பதிலிருந்து காலை பத்து வரை குப்பை இருக்க ஓர் இடம் வேண்டும், பத்து மணிக்கு அதை வண்டியில் ஏற்ற ஓர் ஆள் வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் போர்டு வைத்துப் பயனில்லை. போர்டில் போட்ட ரூ.500-ஐ வசூலிக்க உங்களுக்கு அதிகாரமும் கிடையாது. தெருவில் கொட்டுவதற்கு அபராதம் போடுவது உள்ளாட்சி அமைப்பின் வேலை. குடியிருப்பவர்களுக்கும் இது தெரியும்.

அபராதம் ஏன் உங்களுக்கு?

திடக்கழிவு விதிகளின்படி குப்பையை யார் உண்டாக்குகிறாரோ அவர்தான் பொறுப்பு. அந்தக் கணக்கில் குடியிருப்பவரே முதல் பொறுப்பாளி. உங்கள் வாதம் நியாயமானதுதான். ஆனால் நகராட்சிப் பதிவேட்டில் அந்த எட்டு வீட்டுக்கும் இருக்கிற ஒரே பெயர் உங்களுடையது. சொத்து வரி உங்கள் பெயரில் வருகிறது. பல நகராட்சிகளில் குப்பைக்கான சேவைக் கட்டணத்தையும் அதோடு சேர்த்தே வாங்குகிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறும் வீட்டில் அதிகாரி யாரைத் தேடுவார்? அதனால்தான் நோட்டீஸ் உங்களிடம் வருகிறது.

இதில் உங்களுக்கு ஒரு பலமும் இருக்கிறது. குடியிருப்பவர், நகராட்சி, எதிர்வீட்டுக்காரர் ஆகிய மூன்று பேரிடமும் பேசக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். வரி கட்டுகிறவராக நகராட்சியிடம் சேவையைக் கேட்டு வாங்கலாம்.

என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில்?

வரிசை முக்கியம் என்பதால் ஒன்றொன்றாகச் சொல்கிறேன். முதலில் அபராதம், பிறகு வசதி என்று போனால் எதுவும் நடக்காது.

முதல் வேலை டிரம். 120 லிட்டர் பிடிக்கிற, மூடியுள்ள டிரம் இரண்டு வாங்குங்கள். பச்சை ஒன்று, நீலம் ஒன்று. உங்கள் காம்பவுண்டுக்கு உள்ளே, எல்லாரும் வேலைக்குப் போகிற வழியில் வையுங்கள். பின்பக்க மூலையில் வைத்தால் ஒருவரும் நடந்து போக மாட்டார்கள். செங்கல் மேல் நிறுத்தி, நாய் தள்ளாதபடி சுவரோடு ஒரு சங்கிலி. மேலே ஒரு பல்பு. குப்பை போடுவது பெரும்பாலும் இரவில் என்பதால் இருட்டாக இருந்தால் மூடியைத் திறக்கக்கூட யோசிப்பார்கள்.

எட்டு வீட்டில் இருபத்தைந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். நம் சின்ன ஊர்களில் ஆளுக்கு நாளொன்றுக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை குப்பை வரும். மொத்தம் ஆறு கிலோவிலிருந்து பன்னிரண்டு கிலோ. அதில் ஏறக்குறைய பாதி ஈரக் குப்பை. இரண்டு டிரம் தாராளமாகப் போதும்.

இரண்டாவது, ஆள். எட்டு வீட்டில் பகலில் வீட்டோடு இருக்கும் ஒரு பாட்டியோ அம்மாவோ நிச்சயம் இருப்பார். வண்டி வரும்போது டிரம்மை வாசலுக்கு நகர்த்திவைத்து, காலியானதும் கழுவி உள்ளே வைப்பது அவர் பொறுப்பு. இதைச் சும்மா செய்யச் சொல்லாதீர்கள். வீட்டுக்கு மாதம் ரூ.50 என்றால் ரூ.400 சேரும். அதை அவருக்குக் கொடுங்கள், அல்லது அவர் வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள். சம்பளம் இருந்தால்தான் வேலை நிற்காமல் நடக்கும்.

மூன்றாவது, பிரிப்பது. 2016-ஆம் ஆண்டு விதிகள் குப்பையை வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொன்னன. அவற்றுக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன: ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கினும் டயாப்பரும் போன்ற சுகாதாரக் கழிவு, பல்பு, பேட்டரி, காலாவதி மருந்து போன்ற தனிக் கவனம் வேண்டியவை. பயந்துவிடாதீர்கள். தினமும் கையாள வேண்டியது முதல் இரண்டுதான். நாப்கினையும் டயாப்பரையும் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தனியாக வைக்கச் சொல்லுங்கள். அதற்கென்று மூடியுள்ள சின்ன வாளி ஒன்று, பெண்கள் கழிப்பறைப் பக்கம். பல்பும் பேட்டரியும் ஓர் அட்டைப் பெட்டியில் மாதக்கணக்கில் கிடக்கலாம்.

நாம் பிரிக்காமல் கொடுப்பதைக் கையால் கிளறிப் பிரிப்பவர் தூய்மைப் பணியாளர்தான். மடித்துப் போட்ட பிளேடும் உடைந்த கண்ணாடியும் கிழிப்பது அவர் கையைத்தான். இதைக் குடியிருப்பவர்களிடம் ஒருமுறை நேரில் சொல்லுங்கள். நாலு போர்டை விட இது வேலை செய்யும்.

வடமாநிலப் பையன்களுக்கு எழுதி ஒட்டுவதில் பயனில்லை. இந்தியில் எழுதினால் போதும் என்றும் நினைக்காதீர்கள். ஒடிசாவிலிருந்து வந்தவருக்கு அது வேறு மொழி. பச்சை டிரம் மேல் காய்கறித் தோலின் படம், நீல டிரம் மேல் பால் பாக்கெட்டின் படம். நிஜ பால் பாக்கெட்டையே கழுவி ஒட்டிவிட்டாலும் சரி. அவர்களில் தமிழ் பேசப் பழகிய பையன் ஒருவன் இருப்பான். அவனை அழைத்து, டிரம் பக்கத்தில் நிற்க வைத்து, ஒருமுறை செய்து காட்டினால் மற்றவர்களுக்கு அவனே சொல்லிவிடுவான்.

நான்காவது, மூலையைச் சுத்தம் செய்வது. இதை நான்காவதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டிரம் வைப்பதற்கு முன் மூலையைச் சுத்தம் செய்தால் மறுநாளே திரும்பக் குப்பை விழும். டிரம் பழக்கமாகி ஒரு வாரம் ஆன பிறகு, நகராட்சியிடம் சொல்லி ஒரே நாளில் முழுவதையும் அள்ளச் சொல்லுங்கள். மேல்மண்ணையும் சுரண்டி எடுத்து, சுண்ணாம்புத் தூள் போட வேண்டும். அன்று மாலையே அந்தச் சுவருக்கு வெள்ளை அடித்துவிடுங்கள். பெங்களூரில் 2010-லிருந்து பெயர் சொல்லிக்கொள்ளாத தன்னார்வலர் குழு ஒன்று, ‘தி அக்லி இந்தியன்’ என்ற பெயரில், இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான மூலைகளைச் சரிசெய்திருக்கிறது. அவர்கள் யாரையும் திட்டுவதில்லை, போர்டு வைப்பதில்லை. இடத்தை அள்ளிச் சுத்தம் செய்து, சுவருக்கு வண்ணம் அடித்து, பூந்தொட்டி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஏற்கெனவே குப்பையாகக் கிடக்கும் இடத்தில் போடக் கூச்சம் இருக்காது, துடைத்துவைத்த இடத்தில் முதல் பையைப் போடக் கை தயங்கும் என்பதுதான் அவர்கள் கண்டது. ‘இங்கே குப்பை கொட்டாதீர்’ என்ற போர்டு, புதிதாக வருகிறவருக்குக் கொட்டும் இடத்தைக் காட்டிக் கொடுக்கிறது. எடுத்துவிடுங்கள்.

சாமி படம் போட்ட டைல்ஸ் பதிக்கலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். குப்பை பத்தடி தள்ளி விழும். சாமிக்கும் மரியாதை இல்லை.

உங்கள் இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் இரண்டு எச்சரிக்கைகள். அதன் வேலிக்கருகில் மரக்கன்று, கொடி எதுவும் நட வேண்டாம். மின்வாரியத்தார் வேலை செய்ய இடம் வேண்டும். அதைவிட முக்கியம், அங்கே குப்பையைக் கொளுத்தவே கூடாது, யாரையும் கொளுத்த விடவும் கூடாது. டிரான்ஸ்ஃபார்மருக்குள் எண்ணெய் இருக்கிறது. திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்கு ரூ.5,000, மொத்தமாக எரித்தால் ரூ.25,000 என்று 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் போர்டில் இருக்கும் தொகையை விட இது பெரிது.

நகராட்சியிடம் என்ன கேட்பது?

முதலில் வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளரிடம் பேசுங்கள். எந்தத் தெருவுக்கு எப்போது போகலாம் என்பதில் அவருக்கும் மேற்பார்வையாளருக்கும் கொஞ்சம் தளர்வு இருக்கும். உங்கள் தெருவை ஏழரைக்கு முன்னால் முடித்துக்கொடுக்க முடிந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

அது நடக்கவில்லை என்றால் நகராட்சி ஆணையருக்கு எழுதுங்கள், நகல் வார்டு கவுன்சிலருக்கு. ‘குப்பைத் தொல்லையைத் தீர்க்க வேண்டுகிறேன்’ என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். மூன்று விஷயங்களை மட்டும் எழுதுங்கள்: வண்டி காலை எட்டுக்கு முன் வர வேண்டும், முடியாவிட்டால் இரவு ஒன்பதுக்கு மேல் ஒரு நடை வேண்டும், இன்ன தேதியில் மூலையை முழுவதும் அள்ளித் தர வேண்டும், அதற்குப் பிறகு கொட்டுபவர் மீது புகைப்பட ஆதாரத்தோடு புகார் தந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும். உங்கள் பக்கம் டிரம் வைத்திருக்கிறீர்கள், ஆள் போட்டிருக்கிறீர்கள் என்பதையும் போட்டோவோடு எழுதுங்கள். அபராத நோட்டீஸ் வந்தால் அதற்குப் பதிலாகவும் இந்தக் கடிதம் உதவும். பதில் இல்லையென்றால் முதல்வரின் உதவி மையம் 1100-க்குப் பேசிப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு மேடையும் இருக்கிறது. கிராமசபை மாதிரி நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டங்கள் 2022-லிருந்து நடக்கின்றன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். உங்கள் வார்டில் அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். பேசாமல் இருக்கும் எதிர்வீட்டுக்காரரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள். அவருக்கும் வண்டி நேரம் மாறினால் நல்லதுதானே.

முடிந்தால் ஒரு படி மேலே

பின்பக்கம் நாலடிக்கு நாலடி மண் தரை இருந்தால், கிணற்று உறை இரண்டு இறக்கி ஈரக் குப்பையை அங்கேயே உரமாக்கலாம். ஒரு உறையில் தினமும் போட்டு, மேலே ஒரு கை தென்னை நார்க்கழிவோ காய்ந்த இலையோ தூவி மூட வேண்டும். நாற்றமும் ஈயும் வருவது ஈரம் அதிகமாவதால். நார்க்கழிவு அதை உறிஞ்சிக்கொள்ளும். கறி, மீன், எலும்பு வேண்டாம், எலி வரும். ஒன்று நிறைந்ததும் மூடிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போனால், இரண்டு மாதத்தில் முதல் உறையில் உரம். உலர் குப்பையைப் பழைய பேப்பர் கடைக்காரர் வாங்கிக்கொள்வார். பனியன் துணித் துண்டுக்குத் திருப்பூரில் தனிச் சந்தையே இருக்கிறது, குப்பையில் போட வேண்டிய பொருளே அல்ல.

இதெல்லாம் நமக்கெதற்கு, வண்டியில் ஏற்றிவிட்டால் போதுமே என்று தோன்றலாம். வண்டியில் ஏறிய கலப்புக் குப்பை எங்கே போகிறது என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கைவிட்ட பாறைக்குழிகளில் கொட்டி, நிலத்தடி நீர் கெடுகிறது என்று சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் போராட்டத்தில் இறங்கியதை எல்லாரும் பார்த்தோம். உங்கள் மூலையில் நாறுகிற அதே பைதான் இன்னொருவர் கிணற்றுக்குப் பக்கத்தில் போய் நாறுகிறது.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி

2017 சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். லைன் வீட்டுக்கு எதற்கு ஒப்பந்தம் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். எழுதுங்கள். அதில் இரண்டு வரி சேருங்கள். ஒன்று, குப்பையைப் பிரித்து டிரம்மில்தான் போட வேண்டும், மாதம் ரூ.50 பராமரிப்பு. இரண்டாவது, காலி செய்யும்போது பாய், மெத்தை, உடைந்த நாற்காலி எதையும் வாசலில் விட்டுப்போகக் கூடாது; விட்டால் அப்புறப்படுத்தும் செலவு அட்வான்ஸில் கழியும். குடியிருப்பவர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு முன்பணத்தைத் திருப்பித் தரச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் நிஜமான செலவை மட்டுமே கழிக்க வேண்டும். வண்டிக் கூலி ரூ.300 கொடுத்துவிட்டு ரூ.3,000 பிடித்தீர்கள் என்றால், அடுத்து காலி செய்பவர் மெத்தையை ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டுவிட்டுப் போவார்.

இவ்வளவுக்குப் பிறகும் யாராவது மூலையில் கொட்டினால்? உள்ளே இருப்பவர் என்றால் ஒருமுறை நேரில் சொல்லுங்கள், மறுமுறை அவர் வீட்டார் முன்னால் சொல்லுங்கள். மூன்றாவது முறை ஒப்பந்தத்தைக் காட்டலாம். வெளி ஆள் என்றால் கேமரா உதவும். வண்டி எண் தெரியும் படத்தை நகராட்சிக்கு அனுப்புங்கள். தெரு வாட்ஸ்ஆப் குழுவில் போட்டு மானத்தை வாங்க வேண்டாம். அது சண்டையில் முடியும், குப்பை அங்கேயே இருக்கும்.

காலி செய்யச் சொல்வது கடைசி வழி. இரண்டு டிரம், ஒரு பல்பு, ஓர் ஆள்: மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு ஒரு வீட்டின் ஒரு மாத வாடகைக்குள் அடங்கும். இந்த வாரம் டிரம்மை வாங்கிவிடுங்கள். வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று நாளைக் காலையே வாசலில் நின்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், அம்மா. மற்றதெல்லாம் அந்த நேரத்தை வைத்துத்தான் முடிவாகும்.